ஜிம்முக்குப் போவதை வீட்டாரும் நண்பிகளும் குறை சொல்கிறார்கள். விடாமல் தொடர்வது எப்படி?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: உங்களுக்கு வயது 28, வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவில். சில மாதங்களாக ஜிம்முக்குப் போய் எடை தூக்குகிறீர்கள். அம்மா "மெலிஞ்சு வாடிப்போனாய்" என்கிறார். சித்தி "ஆம்பிளை மாதிரி வரப்போறாய், பேந்து ஆர் கட்டுவான்?" என்கிறார். கூடப் படித்தவர்கள் கேலி செய்கிறார்கள். எப்படித் தொடர்வது, பேசாமல் வீட்டுக்குத் தெரியாமல் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நாற்பதைத் தாண்டியவள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாமியோடு ஒரே வீட்டில் குடும்பம். கிழமையில் சில நாள் எடை, மற்ற நாட்களில் நடை அல்லது சைக்கிள். கன வருசமாக இது நடக்கிறது. மன உறுதி பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அது இல்லாத ஒருவர் சித்தியிடம் அப்படி வாங்கிக் கட்டிய பிறகு மறுநாள் ஜிம் பக்கம் தலை காட்டியிருக்க மாட்டார்.

நான் பார்த்த அளவில் யாழ்ப்பாணத்தில் உடற்பயிற்சியை எதிர்ப்பவர்கள் குறைவு. எங்கள் சனத்துக்குப் பொறுக்காத விஷயங்கள் இரண்டு. போட்ட சாப்பாட்டை வேண்டாம் என்பது ஒன்று, நாலு பேர் பார்க்கத் தெருவில் இறங்குவது மற்றது. இந்த இரண்டையும் தனித்தனியாகச் சமாளித்துவிட்டால் பயிற்சி தன் பாட்டில் நடக்கும்.

சண்டையில் முக்கால்வாசி சாப்பாட்டு மேசையில்தான், ஆகவே அதை முதலில் எடுக்கிறேன். என் மாமி புட்டுப் போடுவதைப் பார்க்க வேண்டும். "காணும் மாமி" என்று தட்டுக்குக் குறுக்கே கையை வைத்தால், கைக்கும் தட்டு விளிம்புக்கும் இடையிலிருக்கிற இடைவெளியால் ஒரு துண்டு உள்ளே வந்து விழும். அடுத்த நொடியே அதன் மேல் ஒரு கரண்டி சொதி. சொதி விட்ட புட்டை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று அவவுக்குத் தெரியும். நான் "டயட்" என்ற சொல்லை எடுத்தால் அந்த நேரம் முழுக்க வழக்குத்தான்.

அதனால் "வேண்டாம்" என்பதை விட்டுவிட்டு "இன்னும் தாங்கோ" என்று கேட்கப் பழகினேன். எதை இன்னும் கேட்பது என்பது மட்டும் என் கையில். "மாமி, புட்டு காணும், கணவாய்க் கறியிலை இன்னும் கொஞ்சம் போடுங்கோ." "முருங்கையிலை வறை மிச்சம் கிடக்கோ?" கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மருமகளை எந்த மாமியும் குறை சொல்ல மாட்டார். எடை தூக்குகிற உடம்புக்கு வேண்டிய புரதமும் அங்கேதான் இருக்கிறது. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சுறா வறையை ஒருநாள் அம்மாவிடம் ஆசையாகக் கேட்டுப் பாருங்கள். அது டயட் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. வெள்ளிக்கிழமைக்கும் விரத நாட்களுக்கும் பயறு, கௌபி, கடலை இருக்கின்றன. பவுடர் டின் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் அந்த டின் வந்தால் "என்னத்தையோ குடிக்கிறாள்" என்று புதுக்கதை ஒன்று தொடங்கும்.

இடையில் ஒன்று. குரக்கன் (கேழ்வரகு) புட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குரக்கனில் கல்சியம் அதிகம், நார்ச்சத்தும் உண்டு. ஆனாலும் மாச்சத்து மாச்சத்துத்தான். அதற்கு மேல் சீனியையும் தேங்காய்ப்பூவையும் அள்ளிப் போட்டுவிட்டு "சத்துச் சாப்பாடு" என்பவர்களை என்ன செய்வது?

இனி "மெலிஞ்சு போனாய்" என்ற பேச்சு. எங்கள் ஊரில் இதற்கு அடுத்த கேள்வி எப்போதும் "என்ன, ஏதும் வருத்தமோ?" என்பதுதான், அதாவது நோய் ஏதுமோ என்று. உங்கள் அம்மாவின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் இளமையைக் கழித்தவர். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனதை அந்த வயதுக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் மெலிந்தால் அதற்குக் காரணம் பட்டினி, அல்லது வருத்தம். வேறு காரணமே கிடையாது. ஒட்டிய கன்னத்தைக் கண்டதும் அவருக்கு அந்தப் பயம்தான் முதலில் வரும். அவரிடம் போய்க் கொழுப்பு வீதம், தசை வீதம் என்று கணக்குக் காட்டிப் பிரயோசனம் இல்லை.

அவர் நம்புகிற பாஷையில் காட்டுங்கள், அதாவது டொக்டரின் துண்டு. அரச ஆஸ்பத்திரிகளில் 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிறஷர், உயரம், நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிற கிளினிக் நடக்கிறது. அம்மாவைக் கூட்டிப் போங்கள். உங்கள் இரத்தப் பரிசோதனையையும் எங்காவது செய்து, இரண்டு றிப்போட்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கு) 25 வரைக்கும் பிரச்சினை இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டும்போதே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இலேயே சொல்லிவிட்டது. இடுப்புச் சுற்றளவு எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது. எங்கள் மாமிமாரில் எத்தனை பேர் அந்த 80-க்குள் நிற்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டில் காற்றுத் திசை மாறியது அப்படித்தான். மாமிக்குச் சீனி எல்லையைத் தொட்டுவிட்டது என்று வந்ததும் டொக்டர் நடக்கச் சொன்னார். "டொக்டர் நடக்கச் சொன்னவர்" என்பதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டு யாழ்ப்பாணத்தில் கிடையாது. நான் நடந்தபோது "உனக்கேன் இந்த ஆட்டம்" என்று கேட்ட அயலட்டைச் சனம், மாமி நடக்கும்போது கேற்றடியில் நின்று சுகம் விசாரிக்கிறது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் கூடவே நானும் நடக்கிறேன், ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

தெருப் பிரச்சினைக்கு என் அனுபவத்தில் கண்ட வழி: சொந்த ஒழுங்கையில் நடக்காதீர்கள். உங்களை ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்தவர்கள் வேலிக்கு வேலி நிற்கிற இடம் அது. நாயும் அங்கேதான் துரத்தும். விடியப்புறம் நல்லூர்ப் பக்கம் போங்கள், அல்லது பின்னேரம் பண்ணைக் கடற்கரைக்கும் கோட்டையடிக்கும் போங்கள். நடக்கிறவர்கள் நிறைய நடக்கிற இடத்தில் உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதைவிட நல்லது சைக்கிள். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போகிற பெண்ணைப் பார்த்து ஏன் என்று கேட்கிற வழக்கமே இல்லை. தடைக்காலத்தில் ஊரே சைக்கிளில்தான் ஓடியது, 2022-இல் பெற்றோல் இல்லாதபோது திரும்பவும் அதே சைக்கிள்தான். பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி வரைக்கும் சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் போய்ப் பாருங்கள். போகும்போது எதிர்காற்றில் தொடை இரண்டும் கத்தும். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடும். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் கடைக்குப் போய் வருகிற ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

இந்த "நாலு பேர்" கதையில் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. பெண்பிள்ளை உடம்பை வருத்தக் கூடாது, கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று எனக்குச் சொன்ன ஒரு பெரியம்மா, நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் விடியப்புறம் வீதியில் நிற்பார். ஆண்கள் ஈர வேட்டியோடு உருண்டு பிரதட்டை பண்ண, அவ அடி அழிப்பார். அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு, எழும்பி, திரும்ப விழுந்து வீதி முழுக்கச் சுற்றி வருவது. அறுபது தாண்டிய முழங்காலோடு அதை முடித்து வருகிறவரை எந்த ஜிம் மாஸ்டரும் எழும்பி நின்று கும்பிட வேண்டும். அதேபோல உலக்கையால் மா இடித்த தலைமுறை அது, கிணற்றில் தண்ணீர் அள்ளி வாழைக்கு விட்ட தலைமுறை. உடம்பை வருத்துவது எங்கள் பெண்களுக்குப் புதிதில்லை. கடவுளுக்காக, தோட்டத்துக்காக, பிள்ளைக்காக என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "எனக்காக" என்று சொல்லும்போதுதான் சங்கடம். உங்கள் சித்தி "ஆருக்குக் காட்ட?" என்று கேட்டால் அதன் அடியில் கிடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். இதை அவரிடம் சொல்லப் போகாதீர்கள், நீங்கள் விளங்கி வைத்திருந்தால் கோபம் பாதியாகக் குறையும்.

ஆம்பிளை மாதிரி வரும் என்ற பயத்துக்கு: பெண்ணுடம்பில் ரெஸ்ரோஸ்ரரோன் என்கிற ஆண் ஹோர்மோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. கிழமைக்குச் சில நாள் எடை தூக்கி அப்படி உருண்டு திரண்ட தசை வராது. அந்த அளவுக்கு வர வேண்டுமென்றால் வருடக்கணக்கில் அதையே தொழிலாகச் செய்ய வேண்டும். எலும்பு பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்குக் கவலை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும். எடை தூக்குவது அதைத் தாங்கிப் பிடிக்கிற வழிகளில் ஒன்று. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது ஆண் பெண் இரண்டு பேருக்கும்தான்.

வேடிக்கை என்னவென்றால், தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்தபோது எங்கள் குடும்ப வாட்ஸப் குழு முழுக்கக் கைதட்டல். 2023-இல் முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் தடகளத்தில் தங்கம் வென்றபோதும் அப்படித்தான். கனடாவிலிருக்கிற மச்சாள் கூட "எங்கடை அம்மா" என்று படத்தைப் பகிர்ந்தார். பதக்கம் வந்த பிறகு எல்லோருக்கும் எங்கடை. அதற்கு முதல் அந்த அம்மா ரோட்டில் ஓடியபோது என்னென்ன கேட்டிருப்பாரோ. "ஆர் கட்டுவான்" என்பதற்கு மட்டும் என்னிடம் நயமான பதில் இல்லை. நீங்கள் எடை தூக்குகிறீர்கள் என்பதற்காக ஒரு சம்பந்தம் குழம்புமென்றால், அது கலியாணத்துக்கு முதலே குழம்பியது நல்லதுக்கு.

நண்பிகளைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. பிறந்தநாளுக்கு றோல்ஸோ, மிதிவெடி என்கிற முட்டை வைத்த பெரிய றோல்ஸோ வந்தால் ஒன்றை எடுத்துச் சாப்பிடுங்கள். கிழமையில் ஒன்று உங்களை ஒன்றும் செய்யாது. கேலிக்குப் பதில் கொடுத்தால் அது வளரும். என்னை அலுவலகத்தில் "ஜிம் அக்கா" என்று கூப்பிட்டார்கள், நானும் "ஓம்" என்று திரும்பிப் பார்த்தேன், கொஞ்ச நாளில் அலுத்துப் போய் விட்டுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் இப்போது முழங்கால் நோவுக்கு என்ன செய்யலாம் என்று தனியாக வந்து கேட்கிறார்கள்.

சரி, அவர்கள் சொல்வது எல்லாமே பிழை என்றும் எடுத்துவிடாதீர்கள். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போனால், தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், எழும்பி நிற்கத் தலை சுற்றினால், அம்மாவின் கண் சரி, உங்கள் திட்டம் பிழை. சாப்பாடு போதாமல் பயிற்சி கூடினால் இப்படி நடக்கும். அதேபோல நீங்கள் முயற்சி எடுக்காமலே நிறை இறங்கினால் "வருத்தமோ" என்ற கேள்வி நியாயமானது. சீனி, தைரொயிட், சயரோகம் எல்லாவற்றுக்கும் அது அடையாளமாக இருக்கலாம். டொக்டரிடம் போக வேண்டியதுதான்.

கடைசியாக, வீட்டுக்குத் தெரியாமல் போகலாமா? கொக்குவிலில் இருந்துகொண்டா? நீங்கள் ஜிம் வாசலில் சைக்கிளை ஸ்ராண்ட் போட முதலே அம்மாவுக்கு ரொறன்ரோவிலிருந்து கோல் வந்திருக்கும். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கிற ஜிம்மாகப் பாருங்கள். ஒருநாள் அம்மாவையும் கூட்டிப் போய் உள்ளே இருத்தி வையுங்கள். அங்கே நடப்பது இவ்வளவுதான் என்று கண்ணால் கண்டால் கற்பனை குறையும். பிறகு நாளையும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிடுங்கள், மாற்றாதீர்கள். வெள்ளிக்கிழமையைத் தெரிவு செய்ய வேண்டாம். அது கோயில் நாள், வீடு கழுவுகிற நாள், ஒவ்வொரு கிழமையும் வழக்கு வரும். செவ்வாய், வியாழன், சனி என்று வைத்துப் பாருங்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிப்பவரென்றால் அந்தக் கிழமை எடையைக் குறைத்து நடையோடு நிறுத்துங்கள்.