காரைப் பார்ப்பதும் படம் பார்ப்பதுதான்

அன்புள்ள சார்,

பழைய படம் ஓடினால் என் கண் காரிலேயே நின்றுவிடுகிறது. கதாநாயகன் அழுதாலும் நான் பின்னால் நிற்கும் வண்டி என்ன மாடல் என்றுதான் பார்க்கிறேன். வீட்டில் ஒரே கேலி. போன வாரம் ஓர் அறுபதுகளின் படத்தில் பின்பக்கம் இறக்கை வைத்த படகு கார் ஒன்று வந்தது, நான் இம்பாலா என்றேன், மருமகன் பிளிமத் என்று அடித்துச் சொல்கிறான். எப்படிக் கண்டுபிடிப்பது? இப்படிப் படம் பார்ப்பது சரிதானா?

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சரிதான். சில படங்களில் காரைக் கவனிக்காதவர்தான் கதையைத் தவறவிடுகிறார்.

பில்லி வைல்டர் 1950-இல் எடுத்த 'சன்செட் பூல்வார்ட்' படத்தையே பாருங்கள். வேலையில்லாத கதாசிரியன் ஒருவன், டியூ கட்டாத பிளிமத் கார், அதைப் பிடுங்க ஃபைனான்ஸ் ஆட்கள் துரத்துகிறார்கள், டயர் வெடிக்கிறது, கண்ணில் பட்ட பழைய பங்களாவுக்குள் வண்டியைத் திருப்பிவிடுகிறான். அங்கே கார் ஷெட்டில் பிரம்மாண்டமான ஒரு வெளிநாட்டு வண்டி. அதில் இருப்பது 1932-ஆம் வருட லைசென்ஸ். வீட்டுக்காரர்கள் அந்த வருடமே காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறான். போகவில்லை, மௌனப்பட நட்சத்திரமான நார்மா டெஸ்மண்ட் உள்ளேதான் இருக்கிறாள்.

அந்த வண்டி இசோட்டா ஃபிராஸ்கினி. இத்தாலியின் மிலான் நகரத்துக் கம்பெனி. ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர் வைத்த எஞ்சினை விற்பனைக் காரில் முதலில் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். படத்தில் வருவது 8ஏ மாடல், எஞ்சின் 7.4 லிட்டர். டிரைவர் உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது, முதலாளிக்கு மட்டும் உண்டு. உள்ளே சிறுத்தைத் தோல், டிரைவரோடு பேச முலாம் பூசிய டெலிபோன். இருபத்தெட்டாயிரம் டாலர் கொடுத்து வாங்கியது என்று நார்மா பெருமை பேசுகிறாள். பிளிமத்தை ஃபைனான்ஸ் ஆட்கள் தூக்கிக்கொண்டு போனதும் கட்டைமேல் நின்ற இந்த வண்டி கீழே இறங்குகிறது. அப்புறம்தான் குரூரம். பாரமவுண்ட் ஸ்டூடியோவிலிருந்து திரும்பத் திரும்ப போன் வருகிறது, தன்னை மறுபடி நடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் அலங்காரம் செய்துகொண்டு போகிறாள். அவர்கள் கேட்டது காரை, ஒரு படத்துக்கு வாடகைக்கு! இதில் ஒரு வேடிக்கை: டிரைவராக நடித்த எரிக் வான் ஸ்ட்ரோஹைமுக்கு நிஜத்தில் கார் ஓட்டத் தெரியாது, கயிறு கட்டி இழுத்துத்தான் படமாக்கினார்கள். அந்தக் கார் இன்று டூரின் மோட்டார் மியூசியத்தில் இருக்கிறது.

'கோல்ட்ஃபிங்கர்' (1964) என்றால் எல்லோரும் ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் காரைத்தான் சொல்வார்கள். எனக்கு வில்லனின் ரோல்ஸ் ராய்ஸ் ஃபாண்டம் த்ரீதான் பிடிக்கும், 1937 மாடல். கடத்துகிற தங்கமே அந்தக் காரின் உடம்புதான். நம்பர் பிளேட் ஏ.யூ. 1. தங்கத்தின் வேதியியல் குறியீடு ஏ.யூ. என்று படித்தவர்களுக்குத் தியேட்டரிலேயே சிரிப்பு வந்திருக்கும்.

முப்பதுகளுக்கு முந்தைய பணக்கார வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனி எஞ்சினும் சேசிஸும் (அடிச்சட்டம்) மட்டும்தான் கொடுக்கும், உடம்பைத் தனியாக ஒரு பாடி கட்டுகிறவரிடம் செய்துகொள்ள வேண்டும். நம் மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியும் குதிரை வண்டிக் காலத்திலிருந்து இந்த வேலை செய்ததுதான். அதனால் ஒரே மாடல் இரண்டு படத்தில் இரண்டு மாதிரி தெரியும். கதவையும் கூரையையும் நம்பாதீர்கள், முன்னால் இருக்கும் ரேடியேட்டரைப் பாருங்கள். கோயில் முகப்பு மாதிரி தூண் வைத்து நின்றால் ரோல்ஸ் ராய்ஸ், யார் பாடி கட்டியிருந்தாலும்.

ஐம்பதுகளுக்குப் பிந்தைய அமெரிக்கக் கார் என்றால் நேர்மாறு, பின்பக்கம் போய்விடுங்கள். இறக்கை செங்குத்தாக மேலே நின்றால் உங்கள் மருமகன் சொல்கிற பிளிமத்தாக இருக்கலாம், 1957-இலிருந்து அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். இறக்கை படுக்கைவசமாகப் பறவை மாதிரி விரிந்து, அதற்குக் கீழே பூனைக்கண் போல ஒரு நீள விளக்கு இருந்தால் 1959 ஷெவர்லே; நீங்கள் சொல்கிற இம்பாலா அந்தக் கம்பெனி வண்டிதான். 1960-இல் பூனைக்கண் போய் வட்ட விளக்குகள் வந்துவிட்டன, பக்கத்துக்கு மூன்று இருந்தால் இம்பாலா, இரண்டு என்றால் அதன் விலை குறைந்த தம்பிகள் பெல் ஏர் அல்லது பிஸ்கேன். இதை மருமகனுக்கும் சொல்லிவிடுங்கள், நியாயம் வேண்டுமே.

ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். நம் நாட்டில் அறுபதுகளில் புதுக் காரை வெளிநாட்டிலிருந்து இறக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம், தூதரகத்துக்காரர்கள் ஓட்டிக் கழித்தது கைமாறி வந்தால்தான் உண்டு. அதனால் நம் படங்களில் கதைப்படி மிராசுதார் வீட்டு வண்டியாக இருக்கும், ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம்.

அந்தக் காட்சியை நிறுத்தி, பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் பந்தயம் எதுவும் கட்ட வேண்டாம்.