வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள்: அப்பாவின் கடைசி நாட்களில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அப்பாவுக்கு 78 வயது, புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது, அம்மாவுக்கும் 70ஐத் தாண்டிவிட்டது, மருத்துவமனையில் இனி வீட்டில் வைத்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வலியிலிருந்து தொடங்குங்கள். வலி அடங்கினால்தான் மற்றதைப் பற்றி யோசிக்கவே முடியும்.

கடுமையான வலிக்குக் கொடுக்கும் மருந்து மார்ஃபின். அந்தப் பெயரைக் கேட்டதும் "அதுக்குள்ளயா?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். மார்ஃபின் சாவுக்கு முந்தைய மருந்து இல்லை. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது, புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாவதும் அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். அதனால் வலி இருக்கிறதா என்று பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். வலி வரட்டும் என்று காத்திருந்தால் அதை இறக்க இன்னும் அதிக மருந்து தேவைப்படும். இடையில் வலி கிளம்பினால் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வழக்கமாக அது ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. கொடுத்த நேரத்தை எல்லாம் ஒரு நோட்டில் குறியுங்கள். அதைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள்.

குமட்டலும் தூக்கமும் சில நாளில் சரியாகிவிடும். மலச்சிக்கல் தானாகச் சரியாகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி (பைசகோடைல், சென்னா, லாக்டுலோஸ் போன்றவை) கேட்டு வாங்குங்கள். இசப்கோல் வேண்டாம், தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது உள்ளேயே இறுகிவிடும். பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: உள்ளே மலம் கட்டியாக அடைத்திருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் போலக் கசியும். அதைப் பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்துவார்கள், நிலைமை மோசமாகும். சிறுநீரகம் பலவீனமானால் மார்ஃபின் உடம்பில் தங்கும். எழுப்பினாலும் எழாத மயக்கம், கைகால் திடீர் திடீரென்று துள்ளுவது, குழப்பமான பேச்சு ஆகியவை அதற்கு அடையாளம். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எலும்பில் பரவியவருக்குப் புதிதாக முதுகுவலி, கால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு வந்தால் தண்டுவடம் அழுந்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இதற்கு மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மார்ஃபின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்ட மருத்துவமனையில் ஆதரவு சிகிச்சைப் பிரிவு (பாலியேட்டிவ் கேர், வலியையும் வேதனையையும் குறைக்கும் பிரிவு) எது என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

படுக்கைப் புண்ணுக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதுதான் வழி. ஏர் பெட் இருந்தாலும் இதை விட முடியாது. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

அடுத்து சாப்பாடு. அம்மா அதிகம் உடைந்துபோவது இங்கேதான். உடம்பு ஒடுங்கும்போது பசியும் போகும், பட்டினி போடுகிறோம் என்று அர்த்தமில்லை. இந்த நிலையில் டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலும் நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சுத்திணறல்தான் கூடும். முழித்திருக்கும்போது சாய்த்து உட்காரவைத்து மோரோ இளநீரோ ஸ்பூனில் கொடுங்கள். மயக்கத்தில் எதையும் ஊற்றாதீர்கள். உறவினர்கள் பால் ஊற்ற வருவார்கள். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டுவைக்கச் சொல்லுங்கள், தொண்டையில் இறங்கினால் புரையேறும். வாயைச் சுத்தம் செய்ய ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா போதும்.

கடைசி நாட்களில் மூச்சு அரை நிமிடம்கூட நின்று மறுபடி வரும். கைகால் சில்லிட்டுத் திட்டுத் திட்டாக நிறம் மாறும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். அது கேட்கிற நமக்குத்தான் தாங்காது, அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். சக்‌ஷன் (குழாய் விட்டுச் சளியை உறிஞ்சுவது) போட்டால் வேதனைதான், சளியைக் குறைக்க ஊசி உண்டு. விழுங்க முடியாமல் போனால் மார்ஃபினைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, தோலுக்கு அடியில் போடும் ஊசி பற்றி முன்கூட்டியே கேட்டுவையுங்கள். காது கேட்கிறது என்றே எண்ணிப் பேசுங்கள்.

இந்த நேரத்தில் பதறி யாராவது 108ஐக் கூப்பிட, ஐசியூவில் போய் முடிவது நிறைய வீடுகளில் நடக்கிறது. அப்பாவுக்கு அது வேண்டாமென்றால் அவரே இப்போது எழுதிவைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த முன்மருத்துவ உயில் 2023இல் எளிதாக்கப்பட்டது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி. வீட்டில் இறந்தால், கடைசி நோயில் பார்த்த மருத்துவர்தான் இறப்புக் காரணத்துக்கு 4ஏ படிவம் தருவார். தருவாரா என்று இன்றே கேளுங்கள். நள்ளிரவில் முன்பின் தெரியாத மருத்துவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமத்தில் விஏஓவிடம்.

"அவருக்குத் தெரியக்கூடாது" என்று வீடே நடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தேயிருக்கும். "உடம்பு எப்படி இருக்குன்னு தோணுதுப்பா?" என்று கேட்டுவிட்டு, அவர் எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவு பேசுங்கள். அவர் வயது நண்பர்களை, அவர் தெளிவாக இருக்கும்போதே வரவழையுங்கள். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, கால் மணி நேரம் போதும். முட்டிவலிக்காரருக்கு ஆட்டோ அனுப்புங்கள், வரவே முடியாதவரை ஸ்பீக்கரில் போடுங்கள்.

துக்க வீட்டில் அம்மாவின் சுகர், பிபி மாத்திரையை யாரும் கவனிப்பதில்லை. சாப்பிடாமல் சுகர் மாத்திரை மட்டும் போட்டு மயங்கி விழுபவர்கள் உண்டு. 16ஆம் நாள் காரியம் முடியும்வரை அந்த டப்பா ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். அப்பாவின் மிச்ச மார்ஃபினை அலமாரியில் வைக்காமல் கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.