அக்ரிச் பலகை 12 வோல்ட் டிரைவரில் எரியாதது ஏன்?

வணக்கம். சியோல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் அக்ரிச் எல்.இ.டி. விளக்குப் பலகையை 12 வோல்ட் டிரைவரில் (மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி) இணைத்தும் எரியவில்லை, போலிச் சரக்காக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அதை வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். கொரியாவின் ஆன்சான் நகரிலிருந்து இயங்கும் அந்த நிறுவனம், தனி டிரைவர் இல்லாமல் வீட்டு மாறுமின்சாரத்திலேயே நேரடியாக எரிய வேண்டும் என்பதற்காகவே அக்ரிச் வகையை உருவாக்கியது. பலகையிலுள்ள சிறிய ஐ.சி., மின்னழுத்தம் ஏற ஏற எல்.இ.டி. வரிசைகளைப் படிப்படியாக இயக்குகிறது. அதற்கு 12 வோல்ட் போதவே போதாது. சாதாரண டிரைவர்களில் முதலில் உலர்ந்து கெடும் மின்பகுளி மின்தேக்கி (எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்) இதற்குத் தேவைப்படாதது, என் பார்வையில், இதன் பெரிய சிறப்பு.

இணைக்கும் முன் பலகையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: 120 வோல்ட் பலகையை 230 வோல்ட்டில் கொடுத்தால் அந்த நொடியே கருகிவிடும். மிக முக்கியமாக, இதில் வீட்டு மின்சாரத்திலிருந்து விளக்கைப் பிரித்து வைக்கும் மின்காப்பு மாற்றி (ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்) இல்லாததால் எல்.இ.டி.யின் ஒவ்வொரு பற்றுமுனையிலும் (சால்டர் இணைப்பிலும்) உயிர்க்கொல்லி மின்னழுத்தம் இருக்கும் என்பதை மறவாமல், வெப்பத்தை வெளியேற்றும் தகட்டுக்கு (ஹீட்சிங்க்) எர்த் கொடுத்து, மேலே மூடி பொருத்திய பிறகே சுவிட்சைப் போடுங்கள். தயவுசெய்து மேசைமேல் திறந்து வைத்துச் சோதிக்காதீர்கள். தகட்டுக்கும் பலகைக்கும் இடையே வெப்பப் பசையை மெல்லிதாகத் தடவுங்கள்.

எரியும்போது கைபேசிக் கேமராவில் கோடுகள் தெரிந்தால் அது பழுதன்று; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. படிப்பு மேசைக்கு மட்டும் இதைத் தவிர்த்து, சீரான நேர்மின்னோட்ட டிரைவர் உள்ள விளக்கை வாங்குங்கள்.