தோல் ஒவ்வாமை உள்ளவர்களும் தடுப்பூசியும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் 9 மாதக் குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா) இருக்கிறது. தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தோல் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்கிறார் என் மாமியார். தள்ளிப்போடலாமா?

பதில்: வேண்டாம், உரிய நாளிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் மாமியாரின் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் கையில் குத்திப் போடப்பட்ட பெரியம்மைத் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இருந்ததால், கரப்பான் உள்ளவர்களின் தோலில் அது பரவி, சிலரின் உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பின் அந்த ஊசி பொதுவழக்கில் இல்லை. தட்டம்மை-ரூபெல்லா ஊசியிலும் வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ்தான் இருக்கிறது என்றாலும், அது கரப்பான் வழியே அவ்வாறு பரவுவதில்லை. ஊசி போடும் மேல்கையில் நீர் கசிந்தாலோ சீழ் வைத்திருந்தாலோ, செவிலியரிடம் காட்டி மற்றக் கையில் புண் இல்லாத இடத்தில் போடச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு களிம்பை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: அடிக்கடி உடம்பெல்லாம் தடித்துப்போவதால் தினமும் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசிக்கு முன் கூடுதலாக ஒன்று போட்டுக்கொண்டால் பாதுகாப்புத்தானே?

பதில்: வழக்கமான மாத்திரையைத் தொடருங்கள், கூடுதல் மாத்திரை தேவையில்லை. மூச்சுத்திணறலும் இரத்த அழுத்தச் சரிவும் உண்டாகும் கடும் ஒவ்வாமையை அது தடுக்காது. முதலில் தோன்றும் அரிப்பையும் தடிப்பையும் மறைத்து, கவனிக்கத் தாமதமாக்கவும் கூடும். அத்தகைய கடும் ஒவ்வாமை ஏறத்தாழ 10 லட்சம் டோஸ்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே நேர்கிறது. நேர்ந்தால் முதலில் கொடுக்க வேண்டியது தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி. ஆகவே ஊசி போட்ட இடத்திலேயே 30 நிமிடம் அமர்ந்திருங்கள். பலர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இதைத்தான் தவிர்க்கிறார்கள்.

கேள்வி: நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு தடவினால் எனக்குத் தோல் சிவந்து கொப்பளிக்கும். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசியிலும் அது இருக்கிறதாமே?

பதில்: மிகச் சிறிதளவு இருக்கிறது. தடவிய இடத்தில் ஓரிரு நாள் கழித்துத் தோன்றும் தொடு ஒவ்வாமை தடுப்பூசிக்குத் தடையன்று. ஊசி போட்ட இடத்தில் அரிக்கும் சிறு கட்டி வரலாம், தானே அடங்கிவிடும். நியோமைசினாலோ, சில தடுப்பூசிகளில் சேர்க்கப்படும் ஜெலட்டினாலோ முன்பு மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்திருந்தால் மட்டும், ஒவ்வாமை நிபுணரைப் பார்க்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கரப்பானுக்கு டுபிலுமாப் என்ற ஊசி மருந்தைத் தொடங்கப் போகிறேன். தடுப்பூசி போடலாமா?

பதில்: எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் பாக்கியிருந்தால், மருத்துவரிடம் சொல்லித் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். செயலிழந்த வைரஸால் ஆன ஃப்ளூ ஊசியை இடையிலும் போடலாம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரமாவது சாப்பிட்டவர்கள், நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகே உயிருள்ள தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.