பெரியப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ், மகளுக்கு ஸ்டாக் கார்

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்காவின் சார்லட் நகரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகள் நாஸ்காரில், அதாவது சாலைக் கார்களின் சாயலில் இருக்கும் ஸ்டாக் கார்கள் ஓடும் அமெரிக்கப் பந்தயத்தில், ஓட்டுநராக வேண்டும் என்கிறாள். கோவையிலிருக்கும் பெரியப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறெதையும் காதில் வாங்குவதில்லை. உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதி அனுப்ப எனக்கு மனமில்லை.

முதலில் செலவு. நாஸ்காரின் உச்சப் பிரிவான கப் பந்தயத்தில் வழக்கமாக அதிகபட்சம் 40 கார்கள். அவற்றில் 36 இடங்கள் உரிமம் பெற்ற அணிகளுக்கு. அதற்கு இரண்டு படி கீழே இருக்கும் பிக்கப் டிரக் பந்தயத்திலேயே முழு சீசன் ஓட்ட மில்லியன் கணக்கில் டாலர் வேண்டும். பெரியப்பாவின் ஊர்க்காரரான நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 ஓட்டிய பிறகு, 2010இல் அந்த டிரக்குகளை ஓட்டினார். அவருக்கே முழு சீசன் அமையவில்லை. வீட்டின் மேல் கடன் வாங்கி இதில் இறங்காதீர்கள். ஒரு டாலர்கூட வேண்டாம்.

அதற்காக அவளைப் பெரியப்பா சொல்லும் வகுப்பில் உட்கார வைப்பதும் சரியில்லை. எந்த காரின் டயர் எத்தனை சுற்றில் தேய்ந்தது என்று பந்தயம்தோறும் நோட்டில் குறித்து வைக்கிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. அது ரேஸ் இன்ஜினியரின் புத்தி.

2022 முதல் எல்லா கப் அணிகளும் பெரும்பாலும் ஒரே மாதிரி பாகங்களைத்தான் வாங்குகின்றன. வித்தியாசம் செட்டப்பில், அதாவது அந்தத் தடத்துக்கு ஏற்பக் காரைச் சரிப்படுத்துவதில் இருக்கிறது. வளைவில் பின்பக்கம் வழுக்கினால் ‘லூஸ்’, முன்பக்கம் திரும்ப மறுத்தால் ‘டைட்’. ஓட்டுநர் ரேடியோவில் சொல்லும் அந்த ஒரு சொல்லைக் கேட்டு, டயரின் காற்றழுத்தத்தை எவ்வளவு மாற்றுவது, எந்த மூலையில் எடையைக் கூட்டுவது என்று அடுத்த பிட் ஸ்டாப்புக்குள், அதாவது டயர் மாற்ற கார் மறுபடி வந்து நிற்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். பந்தயத்துக்கு முந்தைய நாட்கள் சிமுலேஷனில் போகும். முடிந்த பிறகு தரவு ஆய்வு. பிப்ரவரி முதல் நவம்பர் வரை ஓய்வு குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிக்க வெளியூர் போக வேண்டியதில்லை. யுஎன்சி சார்லட் பல்கலைக்கழகத்திலேயே மோட்டார் பந்தயப் பொறியியல் இருக்கிறது. அங்குள்ள ஆய்வகத்துக்கு ஆலன் குல்விக்கியின் பெயர். இயந்திரப் பொறியியல் படித்து, சொந்த அணி நடத்தி, தானே ஓட்டி, 1992இல் பத்தே புள்ளி வித்தியாசத்தில் கப் சாம்பியனானவர். பெரிய அணிகளின் பட்டறைகளும் கான்கார்டு, ஹண்டர்ஸ்வில் என்று பக்கத்திலேயே இருக்கின்றன.

ஓட்டும் ஆசையை விடச் சொல்லாதீர்கள். சார்லட் பந்தய மைதானத்தின் கால் மைல் தடத்தில் கோடைக்காலத்தில் லெஜண்ட்ஸ் எனும் சிறிய ரக கார்களின் பந்தயம் நடக்கிறது. பழைய கார் ஒன்றை வாங்கட்டும், தன் விடுமுறைச் சம்பளத்தில். டயர் செலவும் அவளுடையதே. விண்ணப்பத்துக்கு முன் ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பார்த்து வாருங்கள். பெரியப்பாவுக்கு அன்று வீடியோ அழைப்பு வேண்டாம்.