டி2 எஃகு மடக்குக் கத்தி கடலில் துருப்பிடிக்கிறது, மடக்கும்போது இறுகவும் செய்கிறது, மாற்று என்ன?

எல்சி200என் என்ற எஃகில் செய்த அலகுள்ள கத்தி வாங்குங்கள். கத்தி தயாரிக்கும் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் சால்ட் வரிசையில் இந்த எஃகில் கத்திகள் வந்திருக்கின்றன. விலை அதிகம்தான். நன்னீரில் கழுவியும் மறுநாளே புள்ளி விழுகிறது என்றால் குறை உங்கள் கழுவலில் இல்லை, எஃகில்.

டி2-வில் குரோமியம் சுமார் 12 சதவீதம். ஆனால் 1.5 சதவீதக் கார்பன் அதில் கணிசமான பங்கைக் கார்பைடு என்ற கடினமான சேர்மமாக இழுத்துக்கொள்கிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம். எல்சி200என்-இல் கார்பன் 0.3 சதவீத அளவுதான், கடினத்துக்கு நைட்ரஜன் கைகொடுக்கிறது.

மடக்கும்போது இறுகுகிறது என்றீர்களே, அச்சுத் திருகைக் கழற்றி வாஷரைப் பாருங்கள். உப்பு அங்கேதான் தங்கும். பழுப்பாக ஏதாவது அப்பியிருந்தால் வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மினரல் ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். திருகு அசையாவிட்டால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், தலை வழுக்கிவிடும். சூடான சால்டரிங் அயர்ன் நுனியைச் சற்றுநேரம் திருகின்மேல் வைத்தால் திருகு கழலாமலிருக்க உள்ளே இட்டிருக்கும் பசை இளகும்.

ஒன்று: அலகு மட்டும் துருப்பிடிக்காமல் இருந்து பயனில்லை. லைனர் (பிடிக்குள் இருக்கும் உலோகத் தகடு), கிளிப், திருகு எல்லாம் என்ன உலோகம் என்று கேட்டு வாங்குங்கள். எல்சி200என் அலகின் கூர் டி2 அளவுக்கு நிற்காது, அடிக்கடி தீட்ட வேண்டிவரும். கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டினால் நம்பாதீர்கள். துருப்பிடிக்காத நல்ல அலகிலும் அது ஒட்டும்.