சுவரை இடித்தது யார்?

கேள்வி: 'இந்தச் சுவரை இடித்துத் தள்ளுங்கள்' என்று அமெரிக்க அதிபர் ரீகன் பெர்லினில் முழங்கினார், கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த சுவர் விழுந்தது, ஜனநாயகம் வந்தது என்கிறார்களே. பெருமை அவருக்குத்தானா?

பதில்: தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பிராண்டன்பர்க் வாயில் முன் ரீகன் பேசியது 1987 ஜூன் 12. சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. இடையில் 29 மாதங்கள். கடைசிப் பத்து மாதங்கள் அவர் பதவியிலேயே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பதற்குக்கூட இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்!

நடந்தது வேறு. 1989 மே மாதம் ஹங்கேரி, ஆஸ்திரிய எல்லையிலிருந்த கம்பிவேலியை அகற்றத் தொடங்கியது. செப்டம்பர் 11 முதல் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனி மக்களையும் அந்த வழியே மேற்குக்குப் போகவிட்டது. கொல்லைப்புறம் திறந்துவிட்ட வீட்டுக்கு வாசலில் பூட்டு எதற்கு? அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுடவில்லை.

நவம்பர் 9 மாலை, அங்கே ஆண்ட கட்சியின் சார்பில் ஷபோவ்ஸ்கி, மக்கள் மேற்குக்குப் போக அனுமதிக்கும் புதிய பயண விதியை நிருபர்களிடம் வாசித்தார். அது மறுநாள் அமலுக்கு வர வேண்டியது. 'எப்போதிலிருந்து?' என்று ஒரு நிருபர் கேட்க, கையிலிருந்த தாள்களைப் புரட்டிவிட்டு, 'எனக்குத் தெரிந்தவரை உடனடியாக' என்றார். சுவரை ஒட்டிய போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியில் கூட்டம் நெருக்கியது. பொறுப்பு அதிகாரி மேலிடத்துக்குப் போன் மேல் போன் போட்டும் தெளிவான உத்தரவு வரவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன் அவரே கதவைத் திறந்துவிட்டார்.

வெளிநாட்டுத் தலைவர் ஒருவருக்குப் பங்கு தர வேண்டுமென்றால் சோவியத் தலைவர் கோர்பச்சேவுக்குத் தரலாம், செய்ததற்காக அல்ல, செய்யாமல் விட்டதற்காக. 1953-இல் கிழக்கு பெர்லின், 1956-இல் புடாபெஸ்ட், 1968-இல் பிராக் என மூன்று முறையும் மக்களை அடக்க சோவியத் டாங்கிகள் வந்தன. 1989-இல் கிழக்கு ஜெர்மனியில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான சோவியத் வீரர்கள் இருந்தும் முகாமைவிட்டு வெளியே வரவில்லை. அதற்காக அவரை மகானாக்கவும் வேண்டாம். 1991 ஜனவரியில் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் டாங்கிகள் புகுந்து 14 பேர் இறந்தபோது மாஸ்கோவில் அதிபர் அவர்தான்.

கேள்வி: போலந்தில் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்துக்கு அமெரிக்கப் பணம் போனதே?

பதில்: போனது, உதவியது. ஆனால் அச்சு எந்திரம் வெளியிலிருந்து வரலாம். அதில் துண்டுப் பிரசுரம் அடித்துச் சிறைக்குப் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள். 1989 ஜூன் தேர்தலில் கீழவையில் அவர்களுக்குப் போட்டியிடத் திறந்துவிட்ட 161 இடங்களில் 161-ஐயும், மேலவையில் 100-க்கு 99-ஐயும் வென்றார்களே, அந்த வாக்குகளை எந்த டாலராலும் வாங்கியிருக்க முடியாது.

கேள்வி: ஒரு தலைவர் 'என்னால்தான்' என்று சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கடைசி நாள் அறிக்கையை ஒதுக்கிவிடுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு என்ன சொன்னார் என்று தேடுங்கள். துனிசியாவில் மக்கள் கிளர்ச்சியால் அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடியது 2011 ஜனவரி 14. மூன்று நாள் முன்புதான் பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர், கூட்டத்தை அடக்கும் போலீஸ் அனுபவத்தைத் துனிசியாவுக்குத் தருவதாக நாடாளுமன்றத்தில் பேசினார்.

பிலிப்பைன்ஸிலும் அதே கதை. 1986 பிப்ரவரித் தேர்தலில் அதிபர் மார்கோஸுக்குச் சாதகமாக எண்ணிக்கையைத் திரிக்கிறார்கள் என்று 9-ஆம் தேதி கணினி ஊழியர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெளிநடப்புச் செய்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்தும் ரீகன், மோசடி இரு தரப்பிலும் இருந்திருக்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மணிலா தெருக்கள் நிரம்பி, ராணுவம் பிளந்த பிறகே வாஷிங்டன் மாறியது. 25-ஆம் தேதி அதிகாலை மார்கோஸ் போனில் கேட்டபோது, விலகிவிடுவதே நல்லது என்றார் அமெரிக்க செனட்டர் லக்ஸால்ட். அன்றிரவே அமெரிக்க ஹெலிகாப்டர் அவரை ஏற்றிச் சென்றது. ரத்தம் சிந்தாமல் போக வழி செய்தார்கள். அந்த அளவுக்கு நன்றி சொல்லலாம்.

அடுத்தது, 'என்னால்தான்' என்று சொல்லும் தலைவருக்கு அதனால் என்ன நஷ்டம் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு மீதான தடைச் சட்டத்தை 1986-இல் ரீகன் வீட்டோ செய்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த வீட்டோவை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கும் ஒரு வருடம் முன்பே, 1985-இல், அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்த குறுகியகாலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. மற்ற வங்கிகளும் பின்தொடர, அந்நாட்டு நாணயமான ராண்ட் சரிந்தது. அரசு பங்குச்சந்தையைச் சில நாட்கள் மூடிவிட்டு, கடன் தவணைகளை நிறுத்திவைத்தது. வங்கிக்கு மனசாட்சி உறுத்தியதா? இல்லை. 1984 செப்டம்பரில் கறுப்பினக் குடியிருப்புகளில் தொடங்கிய கிளர்ச்சி அடங்கவில்லை. போட்ட பணம் திரும்புமா என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது உள்ளூர் மக்கள்.

கேள்வி: ஜப்பானுக்கு அரசியல் சட்டத்தை எழுதித் தந்ததே அமெரிக்கர்கள்தானே? ஈராக்கில் மட்டும் ஏன் அது பலிக்கவில்லை?

பதில்: ஜப்பானில் 1890 முதலே நாடாளுமன்றம் இருந்தது, இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிறகும் அரசு அலுவலகங்கள் இயங்கின. ஈராக்கில் 2003 மே மாதம் ராணுவத்தையே கலைத்தார்கள். இன்னொன்று: 1946-இல், ஜப்பானை ஆக்கிரமித்திருந்த படைகளின் தளபதியான அமெரிக்கர் மெக்கார்தரின் அலுவலர்கள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் எழுதிய வரைவில் நாடாளுமன்றத்துக்கு ஒரு அவைதான். ஜப்பானியர்கள் வாதாடி அதை இரண்டாக்கிக்கொண்டார்கள்.